வீட்டுப் பத்திரத்தின் பேரில் கடன் கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓய்வு பெறும்போது வந்த பணம், நிலம் விற்ற பணம், சீட்டு எடுத்த பணம் என்று ஒரு தொகை கையில் சேர்ந்ததும், பேங்கில் போடுவதைவிட வெளியில் கொடுத்தால் நல்ல வட்டி வருமே என்ற யோசனையும் வந்துவிடும். அதே வாரத்தில் யாராவது வீட்டுப் பத்திரத்தோடு வந்து நிற்பார். பத்திர வேலையில் இருப்பதால் இப்படிப்பட்டவர்களின் சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு நடைமுறை. பெரும்பாலும் கேள்விகள் வட்டியைச் சுற்றியே வருகின்றன. அசல் எந்த வழியில் திரும்பி வரும் என்று கேட்பவர்கள் குறைவு, அதனால் பதில்கள் அந்தப் பக்கமே கொஞ்சம் அதிகமாகச் சாயும்.

"அடமானம் எழுதி வாங்கினா சொத்து என் பேருக்கு வந்துடுமா?"

வராது. சொத்து அவர் பெயரில்தான் இருக்கும், பட்டாவும் வீட்டு வரியும் அவர் பெயரில்தான். உங்களுக்குக் கிடைப்பது ஓர் உரிமை மட்டும்: கடன் வராவிட்டால் அந்தச் சொத்தை விற்க வைத்து, அந்தப் பணத்திலிருந்து உங்கள் அசலையும் வட்டியையும் எடுத்துக்கொள்ளலாம். மீதி அவருக்குப் போய்விட வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் இன்றுவரை இதற்கு அடிப்படை.

பின்னால் வரும் கேள்விகளில் பாதி, இந்த ஒரு விஷயம் பிடிபடாததால் வருபவை.

"இவ்வளவு பேங்க் இருக்கும்போது அவர் ஏன் என்கிட்ட வர்றார்?"

நல்ல கேள்வி. இதை நீங்கள் என்னிடம் கேட்பதைவிட அவரிடமே கேட்பது நல்லது. நியாயமான காரணங்கள் நிறைய உண்டு. வருமானத்துக்குக் காகிதம் காட்ட முடியாத வியாபாரியாக இருப்பார். வீட்டுக்கு முறையான கட்டட அனுமதி இருக்காது. பழைய கடனில் தவணை தவறி சிபில் மதிப்பெண் இறங்கியிருக்கும். அல்லது பத்து நாளில் பணம் வேண்டும், பேங்க் ஒரு மாதம் இழுக்கும்.

ஆனால் "பேங்கில் அலைய முடியாது சார்" என்று மட்டும் சொன்னால் அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏதாவது பேங்கில் விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். பேங்க் வழக்கறிஞர் பத்திரத்தில் குறை கண்டு நிராகரித்த சொத்து, நேராக உங்கள் வாசலுக்கு வருவது சாதாரணமாக நடக்கிற விஷயம். வருமானத்தைக் காரணம் காட்டி மறுத்திருந்தால் பேசிப் பார்க்கலாம். பத்திரத்தைக் காரணம் காட்டி மறுத்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

"ஊர்ல எல்லாரும் ரெண்டு வட்டி, மூணு வட்டி வாங்குறாங்க. நான் வாங்கினா மட்டும் தப்பா?"

நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், 3 ரூபாய் என்றால் 36. வட்டித் தொழிலுக்கு அரசு அறிவித்திருக்கும் உச்ச வரம்பு இதைவிட வெகுவாகக் குறைவு. 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி நேர வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

போலீஸ் வரை போகாவிட்டாலும், வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அதிகப்படி வட்டியைக் குறைத்துவிடும். பத்திரத்தில் ஒரு வட்டி, வாய்ப்பேச்சில் ஒரு வட்டி என்று வைத்துக்கொள்பவர்கள், வாய்ப்பேச்சு வட்டியைக் கோர்ட்டில் கேட்கவே முடியாது. அவர் கட்டிய கூடுதல் வட்டியை "அசலில் கட்டியது" என்று சொல்லிவிட்டால் அதை மறுக்கவும் உங்களிடம் ஆதாரம் இருக்காது. பத்திரத்தில் எழுதக் கூசுகிற வட்டியை வாங்காதீர்கள்.

"இதுக்கு லைசென்ஸ் எடுக்கணுமா?"

தெரிந்தவர் ஒருவருக்கு எப்போதோ ஒரு முறை கொடுத்தால் வேண்டாம். தொடர்ந்து பலருக்கு வட்டிக்குக் கொடுத்து வந்தால் அது தொழில், 1957-ஆம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டப்படி உரிமம் வேண்டும். இரண்டு மூன்று பேரைத் தாண்டியதும் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

"புரோநோட்டு எழுதி வாங்கிட்டேன், கையெழுத்துப் போட்ட செக்கும் இருக்கு. அடமானம் எதுக்கு?"

புரோநோட்டின் பேரில் வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. இடையில் அவர் வட்டி கட்டி, அது எழுத்திலோ வங்கிக் கணக்கிலோ பதிவாகியிருந்தால் கெடு புதிதாக ஓடத் தொடங்கும், இல்லாவிட்டால் முடிந்துவிடும். அடமானக் கடனுக்கோ, பணம் திருப்ப வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டு. இன்னொரு வேறுபாடு: புரோநோட்டில் ஜெயித்தாலும் அவருக்கு என்ன சொத்து இருக்கிறது என்று நீங்கள்தான் தேட வேண்டும். அதற்குள் அவர் மனைவி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி வைத்திருப்பார்.

செக் பவுன்ஸ் வழக்கு அழுத்தம் கொடுக்க உதவும். ஆனால் அதன் கெடு இன்னும் குறுகியது. செக் திரும்பிய தகவல் வந்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். ஒன்று தவறினாலும் சிக்கல்தான். அடமானத்தோடு கூடவே இவற்றையும் வாங்கி வைக்கலாம். அடமானத்துக்குப் பதிலாக வேண்டாம்.

"அடமானத்துல எந்த வகை எனக்குச் சரிப்படும்?"

சட்டத்தில் ஆறு வகை இருக்கிறது. நடைமுறையில் உங்கள் முன்னால் வருவது மூன்று. முதலாவது, சுவாதீனம் இல்லாத சாதாரண அடமானம். வீடு அவரிடமே இருக்கும், பத்திரம் எழுதி, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். இரண்டாவது, ஒரிஜினல் பத்திரங்களை ஒப்படைத்துச் செய்வது. பேங்குகள் செய்யும் இதை எல்லோரும் எம்ஓடி என்பார்கள். மூன்றாவது ஒத்தி, அதாவது வீட்டையே உங்கள் அனுபவத்துக்கு விட்டுவிடுவது.

வெளியூர்க்காரருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் முதல் வகை, கூடவே ஒரிஜினல் பத்திரங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எம்ஓடி செலவு குறைவு என்பதால் பலர் அதையே கேட்கிறார்கள். அதுவும் சரிதான். ஒரு நிபந்தனை உண்டு. பத்திரத்தை ஒப்படைக்கும் இடம் சென்னையாகவோ, அரசு இதற்கென அறிவித்த வேறு ஊராகவோ இருக்க வேண்டும். சொத்து எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை, ஒப்படைக்கும் ஊர்தான் கணக்கு.

"ஒரிஜினல் டாக்குமெண்ட் என் பீரோவுல இருக்கு. அப்புறம் எதுக்குப் பதிவு, முத்திரைத்தாள் செலவு?"

பலர் ஏமாறுவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரிஜினல் உங்கள் பீரோவில் இருக்கட்டும். அவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பஸ்ஸில் போகும்போது பத்திரம் தொலைந்துவிட்டது என்று புகார் கொடுப்பார். பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம் வரும், அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொஞ்ச நாளில் "கண்டுபிடிக்க இயலவில்லை" என்று சான்றிதழ் கிடைக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுப்பார். வாங்க வருபவர் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல், போட்டுப் பார்ப்பார், உங்கள் பெயர் எங்கேயும் இருக்காது. கிரையம் முடிந்துவிடும்.

சட்டப்படி, வாய்ப்பேச்சாகப் பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம்தான். ஆனால் எழுத்து இல்லாவிட்டால் பதிவு செய்ய எதுவும் இருக்காது, பதிவு இல்லாவிட்டால் வில்லங்கத்தில் ஏறாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து, உரிமைப் பத்திர ஒப்படைப்பு குறித்த ஒப்பந்தத்தை எழுதினால் பதிவு கட்டாயம். நோட்டரியிடம் போய் ஒரு 100 ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். பதிவுக்கான கட்டணத்தை அவர் தலையில் போடுவது வழக்கம்தான். அதற்கே அவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

"அடமானத்துக்குப் பதிலா கிரைய அக்ரிமெண்ட் போட்டு, ஒரு பவரும் எழுதி வாங்கிக்கலாமா? எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

செய்கிறார்கள், உண்மைதான். கடன் திரும்பாவிட்டால் நேராகக் கிரையம் செய்துகொள்ளலாம் என்ற கணக்கு. ஆனால் அவர் கோர்ட்டுக்குப் போய் "நான் வாங்கியது கடன், விற்கும் எண்ணமே எனக்கு இல்லை" என்று நிரூபித்துவிட்டால் கிரையம் செய்து கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்குவது கடினம். 50 லட்சம் பெறும் வீட்டுக்கு 20 லட்சம் விலை எழுதியிருப்பதும், மாதா மாதம் உங்கள் கணக்குக்கு ஒரே தொகை வந்திருப்பதும் அவர் பக்கம் சாட்சியாகிவிடும். தவிர, ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்கும் மூன்று ஆண்டுதான் கெடு. அடமானம் தரும் 12 ஆண்டை விட்டுவிட்டு இதற்கு ஏன் போக வேண்டும்?

பவர் பத்திரம், அதாவது அவர் சார்பில் செயல்பட உங்களுக்கு எழுதித் தரும் அதிகாரம், இன்னும் பலவீனம். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் முடிந்துவிடும். பவர் வைத்திருப்பதால் சொத்து உரிமை வராது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நேராகக் கிரையமே எழுதி வாங்கிக்கொண்டு, பணம் தந்தால் திருப்பி எழுதித் தருகிறேன் என்று தனிக் கடிதம் கொடுப்பது இன்னொரு பழக்கம். இதில் மாட்டுவது கடன் வாங்குபவர். திருப்பித் தரும் நிபந்தனை அந்தக் கிரையப் பத்திரத்திலேயே இருந்தால்தான் சட்டம் அதை அடமானமாகப் பார்க்கும், தனிக் காகிதத்தில் இருந்தால் பார்க்காது. நீங்கள் கடன் வாங்கும் பக்கம் இருந்தால் இதற்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு. பணம் கொடுத்துடலாமா?"

எந்த சர்வே எண்ணுக்குப் போட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு மனை பழைய பத்திரத்தில் 45/2 என்று இருக்கும். பிறகு உட்பிரிவு செய்து 45/2ஏ1 ஆகியிருக்கும். புதிய எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால், பழைய எண்ணில் ஏறியிருக்கும் அடமானம் கண்ணில் படாமல் போகலாம். இரண்டு எண்ணுக்கும், குறைந்தது 30 ஆண்டுக்குப் போடுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வரும் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். பேங்குக்குப் பத்திரம் ஒப்படைத்த பதிவு ஒன்று இருந்தால், அதற்கு எதிராக ரசீது ஆவணம், அதாவது கடன் தீர்ந்தது என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம், பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். "அந்தக் கடன் எப்பவோ முடிஞ்சுது சார்" என்ற வார்த்தை ரசீதுக்கு ஈடாகாது.

இரண்டாவது, வில்லங்கச் சான்றில் வராதவை. பதிவு செய்யாத உயில் வராது, பதிவு செய்த உயிலும் அதில் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. வாய்வழிப் பாகப்பிரிவினை வராது. மேலே சொன்ன எழுத்தில்லாப் பத்திர ஒப்படைப்பும் வராது. பேங்குகள் தங்கள் அடமானங்களைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு தனியாக இருக்கிறது, சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடலாம். தனியார் கடன் கொடுப்பவர்கள் இதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை, பாருங்கள்.

மூன்றாவது, நேரில் போய்ப் பாருங்கள். வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எத்தனை வருடமாக, யாருக்கு வாடகை கொடுக்கிறார்கள்? பத்திரத்தில் உள்ள நான்கு எல்லையும் தரையில் இருக்கும் எல்லையும் ஒன்றுதானா? பட்டா இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிட வேண்டாம், பட்டா மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. விவசாய நிலமாக இருந்தால் பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய நிலமா) என்று பழைய வருவாய்ப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் பின்னால் விற்பதே சிக்கல். வழக்கறிஞரிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அவர் நீங்கள் போய்ப் பார்த்தவராக இருக்கட்டும், கடன் வாங்குபவர் அழைத்து வந்தவர் வேண்டாம்.

"50 லட்சம் போகும் வீடு. எவ்வளவு வரைக்கும் கொடுக்கலாம்?"

பாதி. அதாவது 25 லட்சம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வட்டி, வருடம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டியே வராமல் மூன்று வருடம் ஓடினால் 25 லட்சம் 34 லட்சம் ஆகியிருக்கும். அவசரத்திலோ ஏலத்திலோ அந்த வீடு 40 லட்சத்துக்குப் போனாலும், வழக்குச் செலவு போக உங்கள் பணம் வந்துவிடும். 35 லட்சம் கொடுத்திருந்தால் அதே மூன்று வருடத்தில் 47 லட்சத்து 60 ஆயிரம். எங்கிருந்து வரும்?

அந்த 50 லட்சம் என்பது யார் சொன்ன விலை என்பதையும் பாருங்கள். கடன் கேட்பவர் சொல்வது ஆசை விலை. அந்தத் தெருவில் கடைசியாக நடந்த கிரையம் என்ன விலைக்கு என்று இரண்டு தரகர்களிடமாவது விசாரியுங்கள். அரசின் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கான கணக்கு, சந்தை விலை அதற்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். பொதுப்பாதை இல்லாத காலிமனை, பல வாரிசுகள் குடியிருக்கும் வீடு இவற்றுக்கெல்லாம் பாதியும் அதிகம்தான்.

"பேங்க் லோன் இருக்கிற வீடு. ரெண்டாவது அடமானமா நான் வாங்கலாமா?"

சட்டத்தில் தடை இல்லை. ஆனால் முன்னால் வந்தவருக்குத்தான் முன்னுரிமை. ஏலத்தில் வரும் பணத்தில் பேங்க் எடுத்தது போக மீதிதான் உங்களுக்கு. அவர் இன்று பேங்குக்குப் பாக்கி வைத்திருக்கும் தொகையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதே பத்திரத்தின் பேரில் குறிப்பிட்ட உச்சத் தொகை வரை மேலும் கடன் தரப் பேங்க் எழுதி வாங்கியிருந்தால், பின்னால் தந்த கடனும் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். ஒரிஜினல் பத்திரமும் உங்களிடம் இருக்காது.

பேங்க் பாக்கி சின்னதாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. பேங்கிலிருந்து கடன் முடிப்புத் தொகைக்கான கடிதம் வாங்கி, அந்தத் தொகையை நீங்களே நேராக அந்தக் கடன் கணக்குக்குக் கட்டி, பத்திரங்களை வாங்கி, பேங்க் ரசீதும் உங்கள் அடமானமும் ஒரே நாளில் பதிவாகும்படி ஏற்பாடு செய்யலாம். பணத்தை அவர் கையில் கொடுத்து "கட்டிட்டு வாங்க" என்று மட்டும் அனுப்பாதீர்கள்.

"பத்திரம் அப்பா பேர்ல இருக்கு, கடன் கேட்கிறது மகன். பரவாயில்லையா?"

அப்பா அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் பரவாயில்லை. மகன் வாங்கும் கடனுக்குத் தன் சொத்தை ஈடாக வைக்க அவருக்கு உரிமை உண்டு. அப்பாவிடம் தனியாகப் பேசி, என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வயதானவர்கள் விஷயத்தில் பின்னாளில் "ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள்" என்ற வாதம்தான் வரும்.

அப்பா உயிரோடு இல்லை என்றால் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும், கல்யாணமாகிப் போன மகள்கள் உட்பட. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் வந்தது. ஒரு மகன் மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர் பங்குதான் உங்களுக்கு ஈடு. மைனர் பெயரில் சொத்து இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பாவோ அம்மாவோ அதை அடமானம் வைக்க முடியாது. வைத்தாலும் அந்தப் பிள்ளை மேஜரான பிறகு வழக்குப் போட்டு ரத்து செய்துவிடலாம்.

"அவர் ரொக்கமா கேட்கிறார். கொடுக்கலாமா?"

வேண்டாம். 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம், அது வாங்கியவர் தலையில். ரொக்கமாகத் திருப்பிக் கொடுப்பதற்கும் அதே விதி. விவசாய வருமானம் மட்டுமே உள்ள இரண்டு பேருக்கு இடையில் விலக்கு உண்டு. அபராதம் அவருக்குத்தானே என்று நீங்கள் இருந்துவிட முடியாது. 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுத்ததாக ஒரு வழக்கில் வந்தால் வருமான வரித்துறைக்குத் தகவல் அனுப்பும்படி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று உங்களைக் கேட்பார்கள்.

முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பத்திரத்தில் 10 லட்சம், வங்கிக் கணக்கில் 9 லட்சத்து 90 ஆயிரம் என்று இருந்தால் எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு முதல் கேள்வி தயார். முழுத் தொகையையும் அனுப்புங்கள், வட்டியைத் தனியாக வாங்குங்கள். அந்த வட்டி உங்கள் வருமானம், கணக்கில் காட்டி வரி கட்ட வேண்டும்.

"வட்டி வேண்டாம், வீட்டை ஒத்திக்கு எடுத்துக்கோங்கன்னு சொல்றார். நல்லதுதானே?"

குடியிருக்க வீடு தேடுபவருக்கு நல்லதுதான். வாடகை இல்லை, போகும்போது பணம் முழுதாகத் திரும்பி வரும். ஆனால் பலர் "லீஸ் அக்ரிமெண்ட், 11 மாசம்" என்று பதிவில்லாத காகிதத்தில் எழுதிக்கொண்டு பல லட்சம் கொடுக்கிறார்கள். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே பேங்க் கடன் இருந்து, அது வாராக்கடனாகி, பேங்க் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும்போதுதான் விஷயமே தெரிய வருகிறது. பேங்குக்கு முன்னால் அந்தக் காகிதம் நிற்காது. ஒத்தி என்றால் ஒத்தி என்றே எழுதிப் பதிவு செய்யுங்கள், அதற்கு முன் வில்லங்கம் பாருங்கள்.

"தாத்தா காலத்துல ஒத்திக்கு எடுத்த நிலம். 30 வருஷம் தாண்டிடுச்சு, எங்களுக்குச் சொந்தமாயிடுமா?"

ஆகாது. அனுபவ ஒத்தியில் பணம் திருப்பித் தரப்படும் வரை மீட்கும் உரிமைக்குக் காலக்கெடு ஓடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் பேரன் வந்து பணத்தை நீட்டினாலும் வாங்கிக்கொண்டு நிலத்தை விட வேண்டியதுதான்.

"ஆறு மாசமா வட்டி வரல. போன் எடுக்கிறதில்லை. பேங்க் மாதிரி நானும் வீட்டைப் பூட்டிடலாமா?"

கூடாது. கோர்ட்டுக்குப் போகாமல் சொத்தைக் கைப்பற்ற 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் பேங்குகளுக்கும் குறிப்பிட்ட நிதி நிறுவனங்களுக்கும் தந்த அதிகாரம் அது. தனி ஆளுக்குக் கிடையாது. நீங்கள் ஆள் அனுப்பிப் பூட்டினால் கிரிமினல் வழக்கு உங்கள் மேல்தான் வரும். வட்டி வசூல் புகாராகவும் அது மாறும்.

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். எதையாவது எழுத்தில் வாங்குங்கள். பாக்கி இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தந்தால் அன்றிலிருந்து காலக்கெடு புதிதாக ஓடும். அதற்கும் வழிக்கு வராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. கோர்ட் கட்டணம் வழக்குத் தொகையில் 3 சதவீதம். நீதிமன்றம் முதலில் முதல்நிலைத் தீர்ப்பில் பாக்கியை நிர்ணயித்து, பணம் கட்ட ஆறு மாதத்துக்குள் ஒரு நாள் குறிக்கும். கட்டாவிட்டால் இறுதித் தீர்ப்பு, பிறகு ஏலம். வருடக் கணக்கில் ஆகும். 25 லட்சத்துக்கு மேல் வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

சென்னை நகர எல்லைக்குள்ளும் இதற்கென அறிவிக்கப்பட்ட ஊர்களிலும் உள்ள சொத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கோர்ட் இல்லாமல் விற்கும் அதிகாரத்தை அடமானப் பத்திரத்திலேயே வெளிப்படையாகக் கொடுத்திருந்தால், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் கழித்து விற்கலாம். சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 69. பத்திரம் எழுதும் அன்றே இதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

"கெடு தாண்டினா சொத்து எனக்கேன்னு பத்திரத்துல ஒரு வரி எழுதிட்டா?"

எழுதலாம், செல்லாது. பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையைப் பறிக்கும் எந்த நிபந்தனையையும் நீதிமன்றம் ஏற்காது. கோர்ட் ஏலத்துக்குப் போனாலும் ஏலம் உறுதியாகும் வரை அவர் பணம் கட்டி மீட்கலாம்.

பின்னாளில் அவரே மனமுவந்து, கடனைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தை வாங்கிக் கிரையம் செய்து தருவது வேறு. அது தனியான பேரம், நியாயமான விலை, மீதிப் பணம் வங்கி வழியாகப் போக வேண்டும். பல கடன்கள் உண்மையில் முடிவது இப்படித்தான்.

"கடன் வாங்கினவர் செத்துப் போயிட்டார். பணம் போச்சா?"

போகவில்லை. அடமானம் சொத்தோடு போகும், வாரிசுகள் அந்தச் சொத்து அளவுக்குப் பொறுப்பு. அவர்கள் தனிப்பட்ட சம்பாத்தியத்தைத் தொட முடியாது. துக்கம் முடிந்த பின் வாரிசுச் சான்றிதழின் நகலை வாங்கி வையுங்கள், எல்லோருக்கும் சேர்த்து நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கும்.

"தனியா அலையாம, பத்துப் பேர் பணத்தைச் சேர்த்து ஒருத்தர் நிலத்துல போடுறார், மாசம் 3 சதவீதம் தர்றார். அதுல சேரலாமா?"

நிலம் யார் பெயரில்? அடமானம் உங்கள் பெயரில் பதிவாகுமா? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் நீங்கள் கொடுப்பது அடமானக் கடன் இல்லை, ஈடு இல்லாத டெபாசிட். பொதுமக்களிடம் இப்படிப் பணம் திரட்டுவதை 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டம் தடுக்கிறது. மாநிலத்தில் 1997 முதலே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 90-களில் பைனான்ஸ் கம்பெனிகள் மூடிக்கொண்டு போனபோது வந்த சட்டம் அது. இன்னும் அதன் கீழ் புதுப்புது வழக்குகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

"இவ்வளவு தலைவலிக்கு ஒரு மனையையே வாங்கிப் போட்டுடலாமே?"

போடலாம். அதற்கு வேறு தலைவலிகள். வாங்கும் அன்றே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தரகு தனி. மனை மாதா மாதம் எதுவும் தராது, வேலி போட்டு அவ்வப்போது போய்ப் பார்த்து வர வேண்டும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. புதிய லேஅவுட் என்றால் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு அது கட்டாயம்.

மாத வருமானத்தை நம்பி வாழ்பவருக்கு மனை ஒத்துவராது. பத்து வருடம் தொட வேண்டியதில்லாத பணம் இருப்பவருக்கு மனையே மேல். கையில் இருப்பது அந்த ஒரு தொகைதான், மருத்துவச் செலவு வந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்றால் இரண்டுமே வேண்டாம். பேங்க் டெபாசிட்டிலேயே இருக்கட்டும்.

"கடன் முழுசா வந்துடுச்சு. பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தா போதுமா?"

போதாது. ரசீது ஆவணம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும், அப்போதுதான் வில்லங்கத்தில் அடமானம் தீர்ந்ததாகக் காட்டும். செலவு அவருடையது, வர வேண்டியது நீங்கள். கடைசித் தவணை உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். அவர் கொடுத்த புரோநோட்டு, செக் எல்லாவற்றையும் அதே நாளில் திருப்பிக் கொடுங்கள், வாங்கிக்கொண்டதற்கு ஒரு பட்டியல் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மூலப் பத்திரங்கள் எத்தனை, எந்த எண் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.